சிறிய சந்தையில் வரைகலை வடிவமைப்புத் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வடிவமைப்பாளருக்கு வேலை கொடுக்கக்கூடிய நிறுவனங்கள் அனைத்தின் பெயரையும் குறிப்பேட்டின் சில பக்கங்களுக்குள் எழுதி முடித்துவிடலாம் என்றால், அதையே இங்கே சிறிய சந்தை என்கிறேன். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ தொழில் நடத்துபவர்களும், இனித் தொடங்க எண்ணுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, இத்தொழிலில் கற்றதையும் பட்டதையும் வைத்து எழுதிய பதில்கள் இவை.

வேலை கொடுப்பவர்களே குறைவாக இருக்கும்போது இத்தொழில் நிலைக்குமா?

நிலைக்கும், ஆனால் பெரிய சந்தையில் நிலைக்கும் விதத்தில் அன்று. பெரிய சந்தையில் ஒரு வாடிக்கையாளர் மனம் கசந்து போனால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார். சிறிய சந்தையில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். போனவர் தம் அனுபவத்தை நான்கு பேரிடம் சொல்வார், அந்த நான்கு பேரும் நம் குறிப்பேட்டில் இருப்பவர்களாகவே இருப்பார்கள். ஆகவே வருமானம் பெரும்பாலும் ஒருமுறை வந்தவர் மறுபடியும் வருவதில்தான் இருக்கிறது. லோகோ செய்துகொண்டவருக்குப் பிறகு விசிட்டிங் கார்டு வேண்டும், பில் புத்தகம் வேண்டும், பெயர்ப்பலகை, பொருளின் மேலுறை, விலைப்பட்டியல், சமூக ஊடகப் படங்கள் என்று பத்து வேலைகள் வரும். கீழே கட்டணம், ஒப்பந்தம், ஃபைல் பற்றிச் சொல்லியிருப்பவை எல்லாம், அதே மனிதர் அடுத்த ஆண்டும் நம் எதிரில் வந்து உட்காரப்போகிறார் என்ற நினைப்போடு எழுதப்பட்டவை.

ஒரே வகை வேலையில் மட்டும் தேர்ச்சி பெறுவது நல்லதா, எல்லாவற்றையும் ஏற்பது நல்லதா?

ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு அதில் மட்டும் பெயர் எடுக்க வேண்டும் என்று தொழில் ஆலோசனை சொல்பவர்கள் கூறுவார்கள். அந்த ஆலோசனை ஆயிரம் வாடிக்கையாளர்கள் உள்ள சந்தைக்குப் பொருந்தும். உணவகங்களுக்கான பட்டியல் மட்டுமே வடிவமைப்பேன் என்று சிறிய சந்தையில் உட்கார்ந்தால், எல்லா உணவகங்களுக்கும் ஒருமுறை செய்து முடித்த மாதத்திலேயே வேலை தீர்ந்துவிடும். அச்சு வேலை, பலகை வேலை, திரைக்கான வேலை ஆகிய மூன்றையும் ஓரளவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும்; அவற்றில் ஒன்றில் மட்டும் மற்றவர்களைவிட ஆழமாகப் போயிருந்தால் போதும். அந்த ஒன்றுக்காக வெளிச் சந்தைகளிலிருந்தும் இணையம் வழியே வேலை வர வாய்ப்புண்டு. மேலுறை வடிவமைப்பு அதற்கு ஏற்றது. அதில் அளவு, மடிப்பு, சட்டப்படி அச்சிட வேண்டிய விவரங்கள் என்று கற்றுத் தேற வேண்டியவை மிகுதி என்பதால் மேலோட்டமாகச் செய்பவர்கள் அதில் விரைவில் கழன்றுகொள்வார்கள்.

கட்டணத்தை எதை வைத்து நிர்ணயிப்பது?

அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதில் சிறிது குறைத்துச் சொல்வதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்த மற்றவரும் அப்படித்தான் நிர்ணயித்திருப்பார் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. கணக்கை வேறு முனையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓர் ஆண்டில் 52 வாரங்கள். விடுமுறை, உடல்நலக் குறைவு, வேலையே வராத நாட்கள் ஆகியவற்றுக்கு 6 வாரங்களைக் கழித்தால் 46. வாரத்துக்கு 40 மணி நேரம் உழைத்தால் 1,840 மணி. இவ்வளவு நேரத்துக்கும் யாரும் பணம் தருவதில்லை. விலைப்புள்ளி எழுதுவது, வாடிக்கையாளரைச் சந்திப்பது, பாக்கியைக் கேட்டு அலைவது, கணினியைச் சரிசெய்வது, கணக்கு எழுதுவது, அச்சகத்தில் காத்திருப்பது ஆகியவை சேர்ந்து ஏறக்குறையப் பாதியைத் தின்றுவிடும். எஞ்சுவது 920 மணி. வீட்டுச் செலவு, வாடகை, மின்சாரம், மென்பொருள், வரி, கணினியை மாற்றும் நாளுக்கான சேமிப்பு, முதுமைக்கான சேமிப்பு ஆகிய எல்லாவற்றையும் ஓர் ஆண்டுக்குக் கூட்டி அந்த 920-ஆல் வகுத்தால் கிடைப்பதே ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை. மாதச் சம்பளத்தில் இருந்தவர்கள் பழக்கத்தில் 52-ஐ 40-ஆல் பெருக்கி 2,080 என்று வைத்து வகுத்துவிடுகிறார்கள்; அதனால் தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே கேட்கிறார்கள், பிறகு இரவெல்லாம் உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று வருந்துகிறார்கள்.

பாதி நேரம் வீணாகும் என்பது என் அனுபவக் கணிப்பு மட்டுமே. உங்களுடையதைத் தெரிந்துகொள்ள, மூன்று மாதம் ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த வகை வேலை சோறு போடுகிறது, எது நேரத்தை மட்டும் விழுங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும். நான் அப்படிக் குறித்தபோது, மிகச் சிறியவை என்று எண்ணிய ‘ஒரு வரி மட்டும் மாற்றித் தாருங்கள்’ வகை வேலைகளே ஒரு மாதத்தில் நான்கு முழு நாட்களை எடுத்துக்கொண்டிருந்தன.

அப்படியானால் மணிக்கணக்கில் பில் போட வேண்டுமா?

மணிக்கணக்கு நமக்குள் இருக்க வேண்டிய அளவுகோல். வாடிக்கையாளருக்கு மொத்தத் தொகையாகச் சொல்வதே நல்லது. மணிக்கு இவ்வளவு என்றால், செலவு எங்கே போய் முடியுமோ என்ற அச்சம் அவருக்கு. விரைவாக முடித்தால் வருமானம் குறைகிறதே என்ற தண்டனை நமக்கு.

நைக்கி நிறுவனத்தின் சின்னத்தை 1971-இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. மணிக்கு 2 டாலர் வீதம் பதினேழரை மணி நேரத்துக்கு 35 டாலர் வாங்கினார். நிறுவனம் வளர்ந்த பிறகு, 1983-இல், அவருக்கு ஒரு மோதிரமும் நிறுவனப் பங்குகளும் அளிக்கப்பட்டன. லோகோவுக்கு வானளவு கட்டணம் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தக் கதையைச் சிலர் சாட்சியாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று அது ஒரு சிறிய காலணி நிறுவனம். அதனால் தரக்கூடியதும் சிறியதாகவே இருந்திருக்கும். பயன்பாடு விரியும்போது கட்டணம் என்ன ஆகும் என்ற பேச்சே தொடக்கத்தில் எழாமல் போவதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சிறு கடையின் பலகைக்கு என்று வரையும் சின்னம் நாளை பல கிளைகளிலும் பொருட்களிலும் ஏறினால் உரிமக் கட்டணம் தனி என்று ஒரு வரி விலைப்புள்ளியில் இருப்பதில் நட்டம் இல்லை.

‘வேறொருவர் பாதி விலைக்குச் செய்கிறார்’ என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

தொகையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். மூன்று மாதிரிகளுக்குப் பதில் ஒன்று, இரண்டு பக்கத்துக்குப் பதில் ஒரு பக்கம், அச்சக மேற்பார்வை இல்லாமல் ஃபைல் மட்டும் என்று சொன்னால், விலைக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு அவருக்கு விளங்கும். எதையும் குறைக்காமல் விலையை மட்டும் பாதியாக்கினால், முதலில் சொன்ன விலை பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதன்பின் அவர் ஒவ்வொரு முறையும் பாதியில்தான் பேரத்தைத் தொடங்குவார். குறைந்த விலைக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம். அவரும் இதே சந்தையில் இருப்பவர். வேலை மிஞ்சும் மாதத்தில் நீங்களே அவரிடம் ஒன்றிரண்டை அனுப்ப வேண்டி வரலாம்.

நண்பர்களும் உறவினர்களும் இலவசமாகக் கேட்கிறார்களே?

செய்து கொடுக்க விருப்பம் இருந்தால் முழு விலைக்குப் பில் எழுதி, அதன் கீழே முழுத் தள்ளுபடி என்று காட்டிக் கொடுங்கள். விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். சலுகை விலை என்ற நடுவழி இரு தரப்புக்கும் மனக்குறையையே மிச்சமாக்கும்.

முன்பணம் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று எண்ணமாட்டார்களா?

எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டால் எண்ணமாட்டார்கள். ஒருவரிடம் கேட்டு இன்னொருவரிடம் கேட்காமல் விட்டால், அது சந்தை முழுவதும் தெரிந்துபோய், கேட்கப்பட்டவர் மனம் வருந்துவார். புதிய வேலைக்குப் பாதி முன்பணம், மீதி இறுதி ஃபைலைக் கொடுக்கும் முன் என்பது பரவலான வழக்கம். பெரிய வேலையாக இருந்தால் மூன்றாகப் பிரித்து, தொடக்கத்தில் ஒன்று, மாதிரி ஒப்புக்கொள்ளப்பட்டதும் ஒன்று, முடிவில் ஒன்று என்று வாங்கலாம். மெய்ப்பு பார்க்கக் கொடுக்கும் படத்தைக் குறைந்த தெளிவில், குறுக்கே ‘மாதிரி’ என்ற சொல்லோடு அனுப்புவது போதும்.

பாக்கி வசூலில் நான் கற்றது ஒன்றுதான்: நினைவூட்டல் கடிதத்தைக் கோபம் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். கெடு முடிந்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று மூன்று கடிதங்களை ஒரே முறை நிதானமாக எழுதி வைத்துக்கொண்டு, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அனுப்பினால், தனிப்பட்ட சண்டையாகாமல் அலுவலக நடைமுறையாகவே அது போய்ச் சேரும்.

தெரிந்தவர்களுக்குள் எழுத்து ஒப்பந்தம் அவசியமா?

தெரிந்தவர்களுக்குள்தான் அது மிகவும் அவசியம். நினைவு இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக இருக்கும். அந்நியரோடு வரும் தகராறு பணத்தோடு போகும், தெரிந்தவரோடு வருவது உறவையும் சேர்த்துக்கொண்டு போகும். வழக்கறிஞர் மொழியில் பத்துப் பக்கம் வேண்டியதில்லை. என்ன செய்து தரப்படும், எந்த நாளுக்குள், எத்தனை முறை திருத்தம், எவ்வளவு தொகை, எப்போது, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு, ஃபைலும் உரிமையும் யாருக்கு என்பவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். நேரில் பேசி முடித்த அன்று மாலையே ‘இன்று நாம் பேசியபடி’ என்று தொடங்கும் ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்ஆப் செய்தியோ அனுப்பி, அவரிடமிருந்து ‘சரி’ என்ற ஒரு சொல்லைப் பெற்றுவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

திருத்தங்களுக்கு முடிவே இல்லாமல் போகிறது. எப்படி நிறுத்துவது?

இரண்டு சுற்று கட்டணத்தில் அடக்கம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம் என்று வைப்பது எளிது. ஆனால் நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வேலைகளில், நம்மிடம் பேசுபவர் ஒருவர், முடிவு எடுப்பவர் இன்னொருவர். மேலாளர் மூன்று வாரம் பார்த்து ஒப்புக்கொண்ட வடிவத்தை, உரிமையாளர் முதல்முறையாகப் பார்த்து ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார். எனவே முதல் சந்திப்பிலேயே, இறுதியாகச் சரி சொல்லப்போகிறவர் யார் என்று கேட்டு, முதல் மாதிரியை அவரும் இருக்கும்போது காட்டுவது நல்லது.

இன்னொன்று, ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நிறம், எழுத்து, படம் எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொல்வது தம் கடமை என்று எவரும் நினைப்பார். ‘தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பெயர் முதலில் தெரிய வேண்டும் என்றீர்கள், இதில் தெரிகிறதா?’ என்று கேட்டால் பதிலும் அந்த எல்லைக்குள் நிற்கும். திருத்தங்களை ஒன்றொன்றாகத் தொலைபேசியில் வாங்காமல், ஒரே பட்டியலாக எழுத்தில் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிழையோடு அச்சாகிவிட்டால் யார் பொறுப்பு?

ஒருமுறை 5,000 துண்டறிக்கைகள் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் இல்லாமல் அச்சாகி வந்தன. வாடிக்கையாளர் அனுப்பிய தாளில் எண் சரியாகவே இருந்தது. நான் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தபோது விட்டிருக்கிறேன். மெய்ப்பை அவரும் பார்த்து, அச்சுக்கு அனுப்பலாம் என்று எழுத்தில் சொல்லியிருந்தார். காகிதத்தில் பார்த்தால் பொறுப்பு அவருடையது. ஆனால் பிழை புகுந்தது என் கையால். மறு அச்சுச் செலவில் பாதியை நான் ஏற்றேன். அவர் இன்றும் என் வாடிக்கையாளர். மெய்ப்புக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குவது கட்டாயம். அந்த ஒப்புதலைக் கேடயமாக எப்போது தூக்குவது என்பது வேறு கேள்வி.

அன்றிலிருந்து சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். எண், மின்னஞ்சல், முகவரி ஆகியவற்றைத் தட்டச்சு செய்வதே இல்லை. வாடிக்கையாளரிடமிருந்து செய்தியாக வாங்கி அப்படியே நகல் எடுத்து ஒட்டுகிறேன். மெய்ப்பில் உள்ள எண்ணைப் பார்த்து உண்மையாகவே அழைத்துப் பார்க்கிறேன். கியூஆர் குறியீட்டைத் திரையில் மட்டும் சோதிக்காமல், உண்மை அளவில் தாளில் எடுத்து இரண்டு வெவ்வேறு கைப்பேசிகளில் சோதிக்கிறேன். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியில் பார்க்கிறேன். அழைப்பிதழ்களில் அதிகம் தவறுவது அதுவே. பெரிய தலைப்பைக் கடைசியாக ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். சிறிய எழுத்தை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள், பெரிய எழுத்தை யாரும் படிப்பதில்லை.

அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பும்போது எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு தாளையும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. அதனால் ஓரம் வரை நிறமோ படமோ இருந்தால், வெட்டுக்கோட்டுக்கு வெளியே பொதுவாக 3 மில்லிமீட்டர் நீட்டி வைக்க வேண்டும். இதையே ப்ளீட் என்கிறார்கள். அதேபோல் முக்கியமான எழுத்துகள் கோட்டுக்கு உள்ளே குறைந்தது 3 முதல் 5 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சுற்றிலும் மெல்லிய சட்டக்கோடு போடுவதை நான் தவிர்ப்பேன். வெட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

படங்கள் அச்சாகும் அளவில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். 1,200 புள்ளி அகலமுள்ள படம் 4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் தாங்கும். பல மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் பேனருக்கு 100 புள்ளிகளே தாராளம். வாடிக்கையாளர் வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி வந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சிறிய எழுத்துகளின் கறுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு அச்சு மைகளின் கலவையாக இல்லாமல் கறுப்பு மை ஒன்றில் மட்டும் 100 விழுக்காடாக இருக்க வேண்டும். மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் (பிளேட்) ஒன்று சற்று நகர்ந்தாலும் கலவைக் கறுப்பின் ஓரங்களில் நிறம் கசியும், படிக்கக் கண் கூசும். திரைக்கான சிவப்பு, பச்சை, நீல நிற முறையான ஆர்ஜிபியில் வடிவமைத்து அப்படியே அச்சு மைகளுக்கு மாற்றும்போது இந்தப் பிழை சத்தமில்லாமல் நுழைகிறது. நடுவில் பின் அடிக்கும் சிறு நூல்களின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 14 பக்கத்துக்கு விலைப்புள்ளி கொடுத்துவிட்டுப் பிறகு திண்டாடக் கூடாது. தடித்த அட்டையை மடிப்பதாக இருந்தால், மடிப்புக்கோட்டை முதலில் அழுத்தித் தடம் போட வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளை தெரியும்.

இதற்கெல்லாம் மேலாக, நீங்கள் அடிக்கடி போகும் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவரோடு ஒரு நாள் முழுவதும் நின்று பாருங்கள். எந்தத் தாள் எப்படி மை குடிக்கும் என்பதை அவரைப் போல் சொல்லித்தர ஆளில்லை.

திரையில் பளிச்சென்று இருந்த நிறம் அச்சில் மங்குகிறதே?

திரை ஒளியை உமிழ்கிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்புகிறது. ஒளியால் காட்டக்கூடிய பச்சை, ஆரஞ்சு, அடர்நீலங்களில் பலவற்றை நான்கு மைகளால் எட்ட முடியாது. நிறுவனத்தின் அடையாள நிறம் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றால், 1963 முதல் வழக்கில் உள்ள பேண்டோன் என்ற நிற எண் முறையில் தனி மையைக் குறிப்பிடலாம். ஆனால் கூடுதல் பிளேட், கூடுதல் செலவு. சிறிய நிறுவனங்களுக்கு லோகோ செய்யும்போது நான்கு மைகளுக்குள் அடங்கும் நிறத்தையே தொடக்கத்தில் தேர்ந்தெடுத்து, அச்சிட்ட துண்டைக் காட்டி ஒப்புதல் வாங்குவதே பிற்காலச் சண்டையைத் தவிர்க்கும் வழி.

எழுத்துருக்களை எப்படித் தேர்வது? உரிமம் பற்றியும் கவலைப்பட வேண்டுமா?

கவலைப்பட வேண்டும். இலவசமாகப் பதிவிறக்க முடிவதும் தொழிலில் பயன்படுத்த அனுமதி இருப்பதும் வேறு வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறிப்பிட்டவற்றை வாடிக்கையாளர் வேலையில் வைத்தால், நோட்டீஸ் வருவது அவர் பெயருக்கு. எஸ்ஐஎல் என்ற அமைப்பு வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவற்றைத் தொழிலில் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவே. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் பெரும்பாலானவை இந்த உரிமத்தில் உள்ளவை, தமிழ் எழுத்துருக்களும் அவற்றில் உண்டு.

தமிழில் வடிவமைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. தமிழ் 1991-இல், பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது; ஆனாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருக்கள் அச்சுலகில் இன்னும் புழங்குகின்றன. அவற்றின் அலங்கார வடிவங்கள் பலவற்றுக்கு யூனிகோடில் ஈடு இல்லாததும் அதற்கு ஒரு காரணம். அப்படிச் செய்த ஃபைலிலிருந்து ஒரு பத்தியை நகல் எடுத்து இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலே வரும். என் வழக்கம், தலைப்புக்கு எந்த எழுத்துருவானாலும் சரி, உடற்பகுதியை யூனிகோடில் மட்டுமே வைப்பது. சில மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் ‘கொ’வில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், தமிழ் தெரியாத அச்சகத்தார் அதைக் கவனிக்கமாட்டார். மேலே சுழியும் கீழே வளைவும் உள்ள எழுத்துகள் என்பதால் ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி போதாது. சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய பத்தியை இருபுறமும் நேராக்கினால் நடுவே வெள்ளை ஆறுகள் ஓடும்.

மூலக் கோப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாமா?

1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் பதிப்புரிமை படைத்த கணமே, பதிவு ஏதும் இல்லாமல், பிறந்துவிடுகிறது. அது வாடிக்கையாளருக்கு எப்போது, எப்படிக் கைமாறும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், ஒப்பந்தத்தில் எழுதிவிடுவதே பாதுகாப்பு. லோகோவைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பணம் முழுவதும் வந்ததும், எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத எஸ்விஜி வடிவத்தோடும் பிடிஎஃப் வடிவத்தோடும் மூலக் கோப்பையும் கொடுத்துவிட வேண்டும். தம் நிறுவனத்தின் முகத்தை நம்மிடம் பிணை வைத்துக்கொண்டு ஒருவர் தொழில் நடத்தக் கூடாது. துண்டறிக்கை, நாட்காட்டி போன்றவற்றுக்கு அச்சுக்கான பிடிஎஃப் போதும். திறந்து மாற்றக்கூடிய கோப்பு வேண்டுமென்றால் தனிக் கட்டணம் கேட்பது நியாயமே.

போட்டியாளர்களான இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாமா?

சிறிய சந்தையில் இதைத் தவிர்க்கவே முடியாது. மறைக்காமல் முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஒருவருடைய புதிய பொருளோ விலையோ விளம்பரத் திட்டமோ மற்றவர் காதுக்கு எட்டக் கூடாது. அலுவலகச் சுவரில் ஒட்டிய மாதிரிகளும் திரையில் திறந்து கிடக்கும் கோப்புகளும் வாய் திறக்காமலே சொல்லிவிடும். எங்கள் துறையில் வேறு யாருக்கும் செய்யக் கூடாது என்று ஒருவர் கேட்டால், அந்த விலக்குக்கு மாதக் கட்டணம் கேட்கலாம். ஆனால் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரத் தொடங்கினால், நல்ல காலத்திலேயே மற்ற பக்கம் பார்க்கத் தொடங்க வேண்டும்.

விலை உயர்ந்த மென்பொருள் இல்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப், படத் திருத்தத்துக்கு கிம்ப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் ஆகிய மூன்றும் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். ஃபோட்டோஷாப் போன்றவற்றை விற்கும் அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறியது முதல், மென்பொருள் என்பது மாதாமாதம் வரும் வாடகைபோல் ஆகிவிட்டது. வருமானம் அதைத் தாங்கும் வரை காத்திருப்பதில் தவறில்லை. உங்கள் அச்சகம் எந்த வடிவத்தை ஏற்கிறது என்பதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். திருட்டுப் பிரதி வேண்டாம்.

வார்ப்புருத் தளங்களும் செயற்கை நுண்ணறிவும் வந்தபின் நமக்கு என்ன வேலை?

ஆயத்த வார்ப்புருக்களை வைத்து யாரும் படம் செய்துகொள்ளக்கூடிய கேன்வா தளம் 2013-இல் வந்தது. அன்றாட வாழ்த்துப் படங்களும் எளிய அறிவிப்புகளும் அப்போதிலிருந்தே நம் கையைவிட்டு மெல்லப் போய்க்கொண்டிருக்கின்றன, அவை திரும்பி வரப்போவதில்லை. அவற்றைத் துரத்துவதைவிட, வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளக்கூடிய வார்ப்புருக்களை அவருடைய நிறத்திலும் எழுத்துருவிலும் அமைத்துக் கொடுப்பதை ஒரு சேவையாக விற்கலாம்.

லோகோ விஷயம் வேறு. பொதுத் தொகுப்பில் கிடைக்கும் உருவத்தை வைத்துச் செய்த சின்னம் வேறு பலரிடமும் இருக்கும். அதை வணிக முத்திரையாகத் தனக்கே உரியது என்று காப்பது கடினம். மனிதரின் படைப்புப் பங்களிப்பு இல்லாமல் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவற்றுக்குப் பதிப்புரிமைப் பதிவு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியது. யோசனைகளைத் தேடுவதற்கு நானும் அக்கருவிகளைப் பயன்படுத்துகிறேன். இறுதி வடிவத்தைக் கையால் வரைந்து முடிக்கிறேன், வாடிக்கையாளரிடமும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

இடம் இருக்கும் வரை. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பில் புத்தகத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பவரிடம் வாடிக்கையாளர் நிரந்தரமாகத் தங்கிவிடுவார். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது பழகிய விதி. கோப்பின் பெயரில் நிறுவனம், வேலை, ஆண்டு ஆகியவை இருக்கட்டும். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்ற பெயர்கள் எந்தக் காலத்திலும் இறுதியாக இருந்ததில்லை.

ஒரு வாடிக்கையாளரை விட்டு விலக வேண்டி வந்தால்?

கையில் இருக்கும் வேலையை முடித்துக் கொடுங்கள், பாதியில் விடாதீர்கள். அடுத்த மாதம் முதல் புதிய வேலைகளை ஏற்க இயலாது என்று காரணத்தை விரிக்காமல் எழுதுங்கள். பிறகு அவருடைய கோப்புகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக்கி, பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர், நிறங்களின் மை அளவு, கடைசியாக எந்தத் தாளில் எத்தனை ஜிஎஸ்எம்மில் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அச்சானது என்ற விவரம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அடுத்து அவர் போகப்போகும் வடிவமைப்பாளர் யார் என்று உங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். அவர் அந்தக் கோப்புகளைத் திறந்துவிட்டு ஏதாவது கேட்டு அழைத்தால், பதில் சொல்லுங்கள்.